மைனஸ் பதினெட்டு

முதலில் வந்தவன் றெமீசியஸ்.
"கிற்றாரைக் கொஞ்சம் கூட்டிவிடு.
கனக்க வேண்டாம், எனக்குக் கேட்டாக் காணும்."
கூட்டினேன், இரண்டு டெசிபல்.

மறுநாள் வங்கி விட்டு வந்தால்
படலையடியில் பிளசன்.
"கிற்றார் ஏறிட்டுது,
ட்ரம்ஸ் பக்கத்து வளவுக்க கிடந்து அடிக்குது."
அதையும் கூட்டினேன்.

டெல்சியாவின் குரற்செய்தி, பன்னிரண்டு செக்கன்:
"அக்கா, நான் ஆற்ற கிணத்துக்க நிண்டு பாடுறன்?"

பேஸ் வாசிக்கிற கஜமுகன்
ஒன்றும் கேட்கவில்லை.
கேட்காமல் நின்ற அந்த நிலைக்கு
ஒன்றரை.

கூட்டச் சொல்லித்தான் எல்லாரும் வருகிறார்கள்.
குறைக்கச் சொல்லி
இதுவரை ஒருவரும் என் படலை திறந்ததில்லை.

ஞாயிறு பின்னேரம்
ஐந்து தடமும் ஒரே உயரத்தில் நின்றன.
எல்லாம் கத்தின, எதுவும் கேட்கவில்லை.
மாஸ்டர் பட்டையின் உச்சியில் சிவப்பு,
ரயில் போய் முடிந்தும் அணைய மறந்த
கொக்குவில் கடவை விளக்கு மாதிரி.
டெல்சியா 'ற' சொல்லும் இடமெல்லாம்
தகரம் கிழிந்தது.

இரவு கரண்ட் போனது.
மின்விசிறி நின்றது,
அடுத்த வீட்டுத் தண்ணீர் மோட்டர் நின்றது.
அது இவ்வளவு நாளும்
என் காதுக்குள்ளேயே ஓடிக்கொண்டிருந்தது
என்று அப்போதுதான் தெரிந்தது.
மடிக்கணினியில் முப்பத்தொரு வீதம்.

எல்லா ஃபேடரையும்
அடிவரைக்கும் இறக்கினேன்.
இரண்டு கிழமை வேலை
ஒரு கைவீச்சில் ஊமை.

பிறகு குரலை மட்டும் ஏற்றினேன்.
மெத்தையைச் சுவரில் சாத்தி,
திறந்த அலுமாரிக்குள் தலையை நுழைத்து
என் சேலைகளைப் பார்த்து அவள் பாடிய குரல்.
'உப்பு' என்ற சொல்லில் மைக்கை முட்டியிருக்கிறாள்:
அந்த ஒரு சொல்லுக்கு மட்டும்
கோட்டைக் கீழே வளைத்தேன்.
வரி முடிகிற இடத்தில் 'வா' தேய்கிறது:
முக்கால் டெசிபல் தாங்கல் கொடுத்தேன்.
இரண்டாம் சரணத்தின் அடியில்
பான் வண்டியின் மெட்டு.
வெட்டினால் அவளுடைய ஒரு சொல்லும் சேர்ந்து போகும்.
அதற்கென்று தனித் தடமும் இல்லை,
பிடித்து இறக்கக் கைப்பிடியும் இல்லை.
போகட்டும், பான்காரனும் பாடட்டும்.

பேஸை
காதுக்கு அல்ல, நெஞ்செலும்புக்குத் தெரியுமளவு வைத்தேன்.
ட்ரம்ஸ் அதன் தோளுக்குக் கீழே.
கிற்றாரை நாலு டெசிபல் இறக்கினேன்.
அவள் மூச்செடுக்கிற இடங்களில் மட்டும்
கதவைத் திறந்து
'இப்ப வா' என்றேன்.

ஆறாவதாக ஒரு தடம் கிடந்தது.
என்னுடையது.
பல்லவிக்கு அடியில், ஒரு நடுராத்திரியில்,
வாய் திறக்காமல் முனகி வைத்தது.
ஒருவருக்கும் சொல்லவில்லை.
மெல்ல ஏற்றினேன்.
'இது நான்' என்று கேட்ட உடனே
அதிலிருந்து கொஞ்சம் இறக்கினேன்.
மைனஸ் பதினெட்டு.

புதன்கிழமை
றெமீசியஸின் தமையனுடைய ஓட்டோவில்
ஐந்து பேர் நெருக்கி இருந்து கேட்டோம்.
ஒற்றை ஸ்பீக்கர், அதுவும் கிழிந்தது.
"பேஸ் எங்க?" என்றான் கஜமுகன்,
முதன்முதலாக வாய் திறந்து.
"வீட்டில நிக்குது" என்றேன்.
சிரித்தான்.
றெமீசியஸ் என் தோளில் தட்டினான்:
"பாத்தியா, கிற்றாரைக் கூட்டின பிறகுதான்
பாட்டு எழும்பியிருக்கு."
நான் வீதியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்றிரவு இன்னொரு பிரதி அனுப்பினேன்,
ஆறாவது தடம் இல்லாமல்,
எதையும் சொல்லாமல்.
டெல்சியாதான் முதலில்:
"அக்கா, இதில எதையோ எடுத்துப்போட்டியள்.
என்னெண்டு விளங்கேல்லை.
வீட்டில ஒராள் குறைஞ்ச மாதிரிக் கிடக்கு.
திருப்பி வையுங்கோ."

வைத்தேன், அதே பதினெட்டில்,
ஒரு நூலும் கூட்டாமல்.

பிளசன் எழுதிக்கொண்டிருக்கிறான்
என்று காட்டுகிறது போன்.