முப்பது வரை எண்ணுதல்

புர்க்டோர்ஃப், இரண்டாம் மாடி, சிறுவர் உளநலப் பிரிவு.
வட்ட மேசை. காகிதக் கைக்குட்டைப் பெட்டியை
யாரோ எனக்கு முன்னால் தள்ளி வைத்திருந்தார்கள்.
நான் அழ வந்தவள் இல்லை,
மணித்தியாலத்துக்குக் கூலி வாங்கும் குரல்.
டொக்டர் பேசினால் நான் டொக்டர்,
தகப்பன் பேசினால் தகப்பன்.
'நான்' என்று சொல்லும்போது அது நானில்லை,
ஒப்பந்தத்தின் முதல் வரி அது.

நிதுர்சன், பதின்மூன்று வயது.
மடியில் கிடந்த கைகள் மட்டும்
ஐம்பது வருடம் கோப்பை கழுவியவனுடையவை.

ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் கழுவுகிறான்?
கேள்வித்தாளில் நான்கு பெட்டிகள்:
ஒருபோதுமில்லை, சிலவேளை, அடிக்கடி, எப்போதும்.
கருணைநாதன் பேனையை எடுத்தார், வைத்தார்.
"தண்ணிக் காசு கூடிப்போச்சு எண்டு எழுதலாமோ?"
அதையும் மொழிபெயர்த்தேன்.
டொக்டர் எக்கிமான் சிரிக்கவில்லை.
"எழுதலாம். எவ்வளவு கூடியது?"

பிறகு தகப்பன் என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி:
"இதெல்லாம் நடிப்பு, தங்கச்சி. பள்ளிக்கூடம் போகப் பஞ்சி."

நான் ஜெர்மனில் சொன்னேன்:
தகப்பனுக்கு இது விளங்கச் சிரமமாயிருக்கிறது.

ஏன் அப்படிச் சொன்னேன்?
அந்த மனிதனின் கொலரில் மடிப்புக் குலையாத இஸ்திரி.
அரைநாள் லீவு கேட்டு வந்திருந்தார்.
வெள்ளைக்காரிக்கு முன்னால் எங்கள் ஆள் ஒருத்தர்
குறைந்துபோகக் கூடாதென்று
என் நாக்கு தானாக ஒரு துணி விரித்தது.

"அப்பா சொன்னது அது இல்லை."
பெடியன், பேர்ன் ஜெர்மனில், மேசையைப் பார்த்தபடி.
"நடிக்கிறேன் என்றார். அதைச் சொல்லச் சொல்லுங்கள்."

டொக்டர் பேனையை மூடிவிட்டு என்னைப் பார்த்தார்.
பதினோரு வருட வேலை. காது சுட்டது.
சொன்னேன். நடிப்பு. பஞ்சி. இரண்டு சொல்லையும்.

அதற்குப் பிறகுதான் அவன் கதைத்தான்.
முப்பது வரை எண்ண வேண்டும்.
இடையில் கதவு அடித்தால், யாராவது கூப்பிட்டால்,
பதினேழு இரண்டு தரம் வந்துவிட்டால்
முதலிலிருந்து.
எண்ணாவிட்டால்?
"எண்ணாட்டி அப்பா வேலையால திரும்பி வரமாட்டார்."
அதை மட்டும் தமிழில் சொன்னான்.
தகப்பனைப் பார்க்காமல்
நான் அதை டொக்டருக்குச் சொன்னேன்.

கருணைநாதனுக்கு சீஸ் தொழிற்சாலையில் வேலை.
அங்கே தொட்டிக்கு மேலே கை கழுவும் படம்,
ஏழு கட்டம், முப்பது செக்கன்.
கொரோனா நேரம் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்து
கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறார்.
"நான்தான் ஒட்டினது" என்றார். இரண்டு தரம்.

"படம் காரணமில்லை" என்றார் டொக்டர்.
"அது இல்லாவிட்டால் நோய் வேறொன்றைப் பிடித்திருக்கும்.
சுவரில் எது இருக்கிறதோ அதில் ஏறும்."
நோய்க்கு ஒரு பெயரும் சொன்னார்.
எண்ணச் சுழற்சி நோய் என்றேன் தமிழில்.
தாளில் எழுதித் தரச் சொன்னார் தகப்பன்,
மனைவிக்குக் காட்ட.

மருந்து பிறகு, தேவைப்பட்டால். முதலில் ஏணி.
கீழ்ப்படி: வீட்டுத் திறப்பைத் தொட்டுவிட்டு, கழுவாமல், நான்கு நிமிடம்.
மேலே போகப் போக ரயில் கைபிடி,
அதே கையால் பாண்.
தகப்பனுக்கும் வீட்டுப்பாடம் இருந்தது.
"அப்பா, கை சுத்தமோ?" என்று நாளைக்கு நாற்பது தரம் கேட்பான்.
பதில் சொல்லக்கூடாது.
"பிள்ளை கேக்க, வாயை மூடிக்கொண்டு நிக்கிறதோ வைத்தியம்?"
ஆம் என்றார் டொக்டர்.
ஆம் என்றேன்.

மாசி முடிவில் ஒருநாள், மூன்றாம் தண்டவாளம்.
வெளியே கண்டால் நான் முதலில் வணக்கம் சொல்லக்கூடாது,
அதுவும் ஒப்பந்தம்.
ரயில் கதவின் பச்சைப் பொத்தானை
அவன் ஒரு விரலால் அமத்தினான்.
விரலைப் பார்த்தான். தகப்பனிடம் ஏதோ கேட்டான்.
கருணைநாதன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.
தாடை இறுகியிருந்தது,
பதில் முழுவதும் பல்லுக்குப் பின்னால்.

கதவு மூடியது.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பெடியன்
கையை ஜாக்கெட் பொக்கற்றுக்குள் விட்டான், வெளியே எடுத்தான்.
ரயில் நகர்ந்தபோது மறுபடி உள்ளே விட்டிருந்தான்,
அல்லது நின்ற இடத்திலிருந்து
எனக்கு அப்படித் தெரிந்தது.