கடைசி ஒரு மீட்டர்

நள்ளிரவு தாண்டினால்
ஒரு லாரி என் மார்புக்கு மேல் தொங்குகிறது.

செவ்வாய்க்கிழமை நடந்தது.
நாலு பூட்டில் ஒன்று திறக்கவில்லை.
பெட்டியைத் தூக்கினேன்.
பெட்டியோடு லாரியும் எழுந்தது,
லாரியோடு ஸிக்மாஸும்.
ஒரு முழ உயரம், அவ்வளவுதான்.
வாக்கி-டாக்கியில் "இறக்கு" என்றார்.
கத்தக்கூட இல்லை,
கடையில் உப்பு கேட்பவர் குரல்.
இறக்கினேன்.
காப்பியைக் குடிக்காமலே வண்டியை எடுத்துப் போனார்.
வியாழன்று விசாரணை.
ஒருவருக்கும் ஒரு நடுக்கமும் இல்லையாம்,
எல்லோரும் சொல்கிறார்கள்,
என் கைகளைத் தவிர.

ரிம்விடாஸ்
விளக்கோடு சேர்ந்து அணைந்துவிடுகிற மனிதர்.
அவர் முதுகை எத்தனை நாழிகை பார்த்துக் கிடப்பது?
புரண்டால் கட்டில் பேசுகிறது.
புரளாவிட்டால் நான்.

மருத்துவமனைச் செவிலி ஒரு தாள் தந்திருந்தாள்.
அதன்படி
கடிகாரத்தைச் சுவர் பார்க்கத் திருப்பினேன்.
இப்போது குளிர்பெட்டி நேரம் சொல்கிறது.
கைப்பேசியை ரொட்டி டப்பாவில் போட்டு மூடினேன்.
லிண்டன் பூவைக் கொதிநீரில் ஊறவிட்டு
தேன் கலந்து குடித்தேன்;
இனிப்பாக விழித்திருந்தேன்.
நாலு எண்ணி மூச்சை இழு, ஆறு எண்ணி விடு என்றது தாள்.
எண்ணத் தெரியும் எனக்கு, அதுதான் வினை.
நாலைத் தாண்டியதும்
எண்கள் எல்லாம் பெட்டிகள் மேல் ஏறி
வரிசையில் நின்றுகொள்கின்றன.
நாளைய கவலைகளை எழுதி வை என்றது.
ஒரே ஒரு வரிதான் வந்தது:
நாலாவது பூட்டைப் பார்த்தேனா?
அந்தக் கேள்விக்குறியின் மேலேயே
பேனாவை ஓட்டி ஓட்டி
தாள் கிழிந்தது.

உறக்கம் வராவிட்டால் கட்டிலோடு மல்லுக்கட்டாதே, எழுந்து போ.
இது ஏழாவது வரி.
எழுந்து போனேன்.

எட்டாவது மாடிச் சமையலறைச் சன்னலில்
க்ளைபேடா துறைமுகம் மஞ்சளாக எரிகிறது.
அதற்கப்பால் காயல், கறுப்பு.
அதற்கும் அப்பால் மணல்மேடுகள்,
இருக்கின்றன என்ற நம்பிக்கையில்.
என் பாரந்தூக்கியில் ஸ்கைஸ்தே.
முகம் தெரியாது இங்கிருந்து.
ஆனால் ஆடும் பெட்டியை அவள் பிடிக்கிற விதம்
கையெழுத்துப் போல.

காற்றில் பெட்டி ஊசலாடினால்
புதிதாக வந்தவர்கள் எதிர்ப்பக்கம் இழுப்பார்கள்.
அது இன்னும் ஆடும்.
அது போகிற பக்கமே கூடப் போய்
அதன் தலைக்கு நேர் மேலே
நின்றுவிட வேண்டும்.
இருபத்திரண்டு வருடமாக
இது என் மணிக்கட்டுக்குத் தெரியும்.
வீட்டுக்கு வரும்போது அதை எங்கே விட்டு வந்தேன்,
கையுறையோடு பெட்டகத்திலா?

திரும்பிப் போய்ப் படுத்தேன்.
இம்முறை லாரியைத் தள்ளவில்லை.
எழட்டும் என்றேன், எழுந்தது.
முழம் இரண்டானது, மூன்றானது,
ஸிக்மாஸின் கதவு திறந்துகொண்டது,
கூடவே போனேன்,
அது போகக்கூடிய தூரம் வரைக்கும்,
அங்கே மேலே நின்றேன்.
கொஞ்சம் ஆடியது.
அப்புறம் அதன் எடைதான் மிச்சம்.

எடையை இறக்க எனக்குத் தெரியும்.
குதிகாலை முதலில் மெத்தையில் வைத்தேன்.
பிறகு முழங்கால்,
இடுப்பு,
நெம்புகோல்களை விடாத விரல்கள், ஒவ்வொன்றாக.
பல்லைக் கடித்திருக்கிறேன் என்பது
தாடையைத் தளர்த்தும்போதுதான் தெரிந்தது.
யார் மேல் அத்தனை கோபம்?
கடைசி ஒரு மீட்டரில் அவசரப்பட்டால்
தரையே எழுந்து அடிக்கும்.
மெல்ல.
இன்னும் மெல்ல.
மூச்சு தானாகவே நீளமாக வெளியே போனது,
நான் எண்ணவில்லை.

காலையில் ரொட்டி எடுக்கத் திறந்தால்
துகள் படிந்த திரையில் ஸிக்மாஸ்.
மூன்று நாற்பதுக்கு அனுப்பியிருந்தார்:
"தூங்கிவிட்டாயா?"

அந்த நேரத்தில் தூங்கியிருந்தேனா
எனக்குத் தெரியாது.
கடிகாரம் இன்னும்
சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.