அளவுநாடா

மூன்று இருக்கின்றன என்னிடம்.

ரேடியோவோடு வந்த ரப்பர் குச்சி ஒன்று.
கோள் நேர் உச்சிக்கு வந்தால் கேட்கும்.
மற்ற நேரமெல்லாம்
காய்ந்த எண்ணெயில் தண்ணீர் தெளித்த சத்தம்.

அலுமினியத்தில் ஒன்று. குறுக்கும் நெடுக்குமாய்
பதினாறு கம்பி, முக்காலி, திருப்பிவிட ஒரு மோட்டார்.
தவணையில் வாங்கியது.
ஏர்வாடி பஸ்ஸில் ஏற்றிய அன்று
அதற்கும் ஒரு டிக்கெட் கிழித்தார் கண்டக்டர்.
யார் கண்ணையும் குத்தாமல் பிடித்து வந்ததில்
வாலிநோக்கத்தில் இறங்கும்போது
மைக்கைத் தூக்கத் தோளில் தெம்பில்லை.

இது நானே செய்தது.
கொத்தனார் வைத்திருக்கும் எஃகு நாடாவை வெட்டி
பிளாஸ்டிக் குழாயில் கவ்வி போட்டு முடுக்கியது.
பேச மூன்று நெட்டை, கேட்க ஐந்து குட்டை.
பின்னால் நிற்பதற்கு ஒரு மீட்டர் நாலு சென்டிமீட்டர்;
எங்கேயும் குறித்துவைக்க வேண்டாம்,
எண் அதன் முதுகிலேயே இருக்கிறது.
மஞ்சள் பெயிண்டைச் சுரண்டித்தான் ஈயம் ஒட்டியது.
மடக்கினால் பைக்குள் அடங்கும்,
விட்டால் படக்கென்று நிமிரும்.
கனம், அரைக் கிலோ சீலா.

உப்பளத்தில் எடைமேடை வேலை முடிந்து
கடற்கரைக்கு வந்தபோது ஐந்தே முக்கால்.
வடக்கே எழுந்து தெற்கே கடலில் இறங்கும்,
மொத்தம் பதினொரு நிமிடம்.

முதல் நிமிடத்திலேயே பைக் வந்து நின்றது.
மரைன் போலீஸ்.
"என்னம்மா இது, மீன் முள்ளு மாதிரி?
அக்கரைக்கா பேசுறே?"
"இல்ல சார், மேலே."
மேலே பார்த்தார். ஒரு பருந்து.

லைசென்ஸ் அட்டையை நீட்டினேன்,
பையிலேயே கனம் குறைந்த சாமான் அதுதான்.
இரண்டு பக்கமும் படித்தார்.
போட்டோ எடுத்து ஸ்டேஷனுக்கு அனுப்பினார்.
நீல டிக் விழக் காத்து நின்றோம்
நானும் அவரும் கடலும்.
அதற்குள் அது நாக்பூரைக் கடந்து
மதுரையைக் கடந்து
எங்கள் இரண்டு பேர் தலையையும் கடந்துவிட்டது.

"சரி, பேசு."
நாலு நிமிடம் மிச்சம்.

நாடாவைத் தண்ணீர்ப் பக்கம் சாய்த்தேன்.
இரைச்சல். மணிக்கட்டைக் கால் சுற்றுத் திருப்பினேன்;
இரைச்சலுக்குள்ளிருந்து ஒரு குரல்
ஈரத் துணியை உதறியதுபோல் விரிந்தது.
அலைவரிசை இறங்க இறங்க
கட்டைவிரலால் நானும் இறங்கினேன்.
அழைப்புக்குறியைச் சொன்னேன்,
மைக் ஜூலியெட் நைன் நைன் என்றேன்.
என் குரலே வானத்திலிருந்து
என் காதுக்கு வந்தது, மூக்கடைத்த தங்கை மாதிரி.

பிறகு அவர். சுமத்ரா, பாடாங்.
"சபுரா, ஃபைவ் நைன்."
அவருக்குப் பின்னால் ஏதோ படபடத்தது,
தகரமா, மழையா, தெரியவில்லை.

"என்ன சொல்றான்?"
"நல்லாக் கேக்குதாம்."
"அங்கேயும் கடலான்னு கேளு."
பொத்தானை அழுத்தினேன்.
காய்ந்த எண்ணெயில் தண்ணீர்.
தொடுவானத்தில் ஒரு வல்லம் மட்டும்.

சட்டையில் குத்தியிருந்த பெயரை
அப்போதுதான் படித்தேன்: வழிவிட்டான்.
சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

வீட்டில்
குடம் பன்னிரண்டு ரூபாய்த் தண்ணீரில்
ஒரு சொம்பு எடுத்து
நாடாவின் உப்பைக் கழுவினேன்.
எழுபத்து மூன்றாம் சென்டிமீட்டரில்
துரு ஒரு புள்ளி வைத்திருந்தது.