பெலும்

மாளிகைக்காட்டு முடக்கில்
நாங்கள் அபாயா தைக்கிற அறை.
நூல்கோனில் சாய்ந்து நிற்கிறது கைபேசி.
உள்ளே ஒரு பெண்
பதினொரு நிமிடமாக அழுகிறாள்.
ஜக்கார்த்தாவில் மழை.
மாமியார் வாசலில் குடையோடு நிற்கிறாள்,
விரிக்காமல்.

"என்னகா சொல்றா?"

வாயில் கடித்த குண்டூசியை எடுக்காமலே
ஜெஸீமா ராத்தா சொல்லுவா:
"வந்த நாளில இருந்து என்ட பாஸ்போட்
உங்கட அலுமாரிக்குள்ளதானே கிடக்கு."
நாங்கள் உச்சுக்கொட்டுவோம்.
மெஷின் நிற்காது.

தம்மாமில் ஏழு வருஷம்.
ஒரே குசினியில் யூனிங்சி என்றொருத்தி.
விளக்கணைத்த பிறகு
அரிசி மூட்டைக்குப் பின்னால்
ஒரு சின்னத் திரை,
ஆளுக்கொரு காதுக்கு ஒரு வயர்,
சினெத்ரோன்.
அப்படித்தான் படித்த பாஷை.
புருஷனுக்குச் சுவாமியாம்,
சிரித்துக் கொட்டினோம்.
கப்பலுக்குக் கப்பல்தானாம்.
கலியாணம் முடிச்சிட்டியா, சம்பளம் வந்திச்சா,
எதைக் கேட்டாலும் யூனிங்சி
இல்லை என்று சொல்லமாட்டாளாம்.
பெலும். இன்னும் இல்லை.

நேற்று திரையில் பிறந்தநாள்.
பொடியன் கேக் வெட்டுகிறான், எல்லாரும் கைதட்டுகிறார்கள்.
ராத்தா சொன்னா:
"முந்நூறு ரியால் குறையுது, மேடம்.
எண்ணிப் பாருங்க."

கத்தரிக்கோல் துணியிலேயே நின்றது.
ஒருத்தரும் ஒருத்தரைப் பார்க்கவில்லை.

இன்றைக்கு நுஸ்கியாவின் மகன்,
பள்ளிக்கூடம் விட்டு வந்தவன்,
எதையோ அமத்தி
அடியில் தமிழெழுத்து ஓடவிட்டான்.
*குடை எங்கே வாங்கினீர்கள்?*
*கடையில்.*
*நிறம் நன்றாக இருக்கிறது.*

ராத்தா குனிந்து
பொபினுக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்தா,
சுற்றி முடிந்த பொபினுக்கு.

"நிப்பாட்டுடா அதை," என்றேன்.
"எழுத்து ஆக்கள்ட மூஞ்ச மறைக்கிது."

எழுத்துப் போனது.
மழை இருந்தது.
மாமியார் கடைசியில் குடையை விரித்தாள்,
மருமகளின் தலைக்கு மேலே பிடித்தாள்,
உதடு அசைந்தது.

நாங்கள் கேட்கவில்லை.
கொஞ்ச நேரம் கழித்து ராத்தாவே சொன்னா:
"எட்டு மாசச் சம்பளம்.
இந்தா, குறையாம இரிக்கி.
பாஸ்போட்டும் இந்தா எங்கிறா."

"மெய்யாவா ராத்தா?" என்றாள் நுஸ்கியா.

குண்டூசியை வாயிலிருந்து எடுத்து
கழுத்துப் பட்டியில் குத்தினா.

பெலும், என்றா.