நாலு மடிப்பு

மண்ணடியில் மூன்று கடை ஏறி இறங்கியாயிற்று.
எல்லோரும் வேகத்தைத்தான் சொல்கிறார்கள்,
நிமிடத்துக்கு இத்தனை தையல் என்று.
நான் பையிலிருந்து எடுத்து வைக்கிறேன்:
காசிமேட்டு லாஞ்சு ஒன்றின் பழைய படுதா,
உப்பேறி அப்பளமாய் விறைத்தது;
எண்ணூர் வெல்டர்கள் கட்டும் ஏப்ரனின் தோல்.
ரெண்டையும் சேர்த்து நாலாய் மடித்து,
"இதைத் தைச்சுக் காட்டுங்க."

முதல் கடையில் ஊசி முறிந்தது.
அடுத்ததில் கரண்ட் இல்லை என்றார்கள்,
ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.

மூன்றாவதில் ஹபீபுல்லா பேசவே இல்லை.
மூலையில் கிடந்த, பச்சை பெயின்ட் உரிந்த
ஒன்றைத் துடைத்தார்.
கீழே பல் நகர
மேலே பாதமும் கூடவே நகர்ந்தது,
பிள்ளையைக் கைபிடித்து
ஜி.என்.டி. ரோடு தாண்டவைப்பதுபோல.
சக்கரத்தைக் கையால் உருட்டினேன்.
டக்.
நாலு மடிப்பும் ஊடுருவி, நூல்
மேலும் கீழும் ஒரே இறுக்கம்.
இன்னொரு டக்.

"ஸ்பீடு வராதும்மா" என்றார்,
குற்றத்தை ஒப்புக்கொள்கிறவர் மாதிரி.
ஸ்பீடில்தான் போன வருஷம்
என் ஆட்காட்டி விரல் நகம் போனது.
அதைச் சொல்லவில்லை.
முகத்தைச் சுளித்தேன்,
ஆயிரத்தைந்நூறு குறைந்தது.

மீன்பாடி வண்டியில், ஈரப் பலகைமேல்,
கயிறு போட்டுக் கட்டி
தண்டையார்பேட்டை வந்து சேர்ந்தோம்.
ஊசி நம்பர், நூல் கனம், பாதம் தூக்கும் உயரம்
எல்லாம் அளந்தவள்
மாடிப்படி திரும்பும் முடுக்கை அளக்கவில்லை.
மேசை பாதியில் நிற்கிறது.
மேலே நான், கீழே வண்டிக்காரர்,
நடுவில் அது, எண்ணெய் சொட்டியபடி.

கீழ்வீட்டு எஸ்தர்
ஸ்பேனர் தேடப் போயிருக்கிறாள்.