மேற்குச் சன்னல்

புரோக்கர் சொரிமுத்து ஒன்றுதான் சொன்னார்:
"ஆனி ஆடியில வீட்டைக் காட்டிராதிய சார்.
ஐப்பசி வரட்டும். காத்து அடங்கட்டும்."
ஐப்பசி வரைக்கும் வட்டி அடங்குமா
என்று அவரிடம் கேட்கவில்லை.
ஞாயிறு பதினொரு மணிக்கு வரச் சொல்லிவிட்டோம்.

பணகுடியில் ஆனிக் காற்று
கணவாய் வழியே இறங்கி
கொடியில் கிடக்கிற சேலையை
நாற்கரச் சாலை வரை கொண்டுபோய் விட்டுவரும்.
அந்தக் காற்றில்தான்
பதினாலு வருஷம் சம்பளம் வாங்கினேன்.
நூற்றறுபது அடி ஏணி,
இடுப்பில் பெல்ட், பையில் ஸ்பானர்.
காற்றாலை உச்சியில் நின்று பார்த்தால்
எங்கள் மொட்டைமாடி ஒரு தபால்தலை.
எப்சிபா துணி காயப்போடுவது
அங்கிருந்து தெரியாது.
தெரிகிறது என்றுதான் அவளிடம் சொல்லுவேன்,
இன்றைக்குப் பச்சைச் சேலைதானே என்பேன்,
காலையில் பார்த்துவிட்டுப் போனதை வைத்து.

பழைய மிஷின்களைக் கழற்றி
இரும்பு விலைக்குப் போட்டார்கள்.
பிறகு ஆறு மாதம் கூடங்குளத்தில் காண்ட்ராக்ட்.
பிறகு நாங்குநேரி டோல்கேட்டில் ராத்திரி ஷிப்ட்.
கார்க் கண்ணாடி ஸ்டிக்கரில் காசில்லாதவன் எல்லாம்
என்னைத் திட்டிவிட்டுப் போனான்.
எனக்கும்தான் இல்லை,
நான் யாரைத் திட்ட?
எப்சிபா டீச்சர் வேலையை விட்டாள்.
வள்ளியூர் மருந்துக்கடையில் பில் போடுகிறாள்,
இரண்டாயிரம் கூட,
நாள் முழுக்க நின்றபடி.
கால் வீங்கினால்
தைலத்துக்குப் பத்து சதவீதம் தள்ளுபடி
என்று சிரிக்கிறாள்.

ஞாயிறு காலை
மேற்குச் சன்னல் இடுக்கில்
ஒரு கல்யாணப் பத்திரிகையை மூன்றாக மடித்துச் செருகினேன்.
மொய்க்கு வழியில்லாமல் போகாத கல்யாணம்.
படபடப்பு நின்றது.
ஓதம் ஏறிய சுவரை மறைத்து
பீரோவை நகர்த்தினேன்.
அவள் வாசலில் நின்று பார்த்தாள்.
ஒரு கை பிடிக்கவும் இல்லை,
வேண்டாம் என்று சொல்லவும் இல்லை.

ஏன் விற்கிறீர்கள் என்று கேட்டால்
சொல்லவேண்டியதை
முந்தின ராத்திரியே ஒத்திகை பார்த்திருந்தோம்:
ஓசூரில் நல்ல வேலை கிடைத்திருக்கிறது.
வேலை உண்மை.
'நல்ல' மட்டும் நாங்கள் சேர்த்தது.

வந்தவர்கள் சின்னஞ்சிறுசுகள்.
அவனுக்கு மகேந்திரகிரி மலையடியில் உத்தியோகம்.
அந்தப் பெண்ணுக்கு ஏழாம் மாதம்.
சமையலறையில் குழாயைத் திறந்து மூடினாள்,
மேற்கு அறையில் நின்று
"தொட்டில இங்க கட்டலாம்லா?" என்றாள் அவனிடம்.
கேட்டது அவனை.
பதில் சொன்னது எப்சிபா.

"இந்த ரூம் வேண்டாம் பிள்ள.
ரெண்டு மாசத்துக்கு உறங்க விடாது"
என்று போய்ப் பத்திரிகையை உருவினாள்.
சன்னல் தகரம் தட்டின மாதிரி அதிர்ந்தது.
"பீரோவுக்குப் பின்னால ஓதம் இருக்கு.
அதையும் பாத்துக்கிடுங்க."
சொரிமுத்து இருமினார்.
நான் மின்விசிறியைப் பார்த்தேன்,
ஓடாமலே சுற்றிக்கொண்டிருந்தது.

நாற்பதாயிரம் குறைத்துக் கேட்டார்கள்.
நாற்பதாயிரம் என்பது
நாலு மாதத் தவணை.
சரி என்றேன்.

ராத்திரி நான் பேசவில்லை.
அவள் கட்டிலில் உட்கார்ந்து
கணுக்காலில் தைலம் தேய்த்தாள்.
தேய்த்துக்கொண்டே சொன்னாள்:
"அம்புட்டு உசரத்துல இருந்து
நான் துணி காயப்போடுறது தெரியாதுன்னு
எனக்குக் கல்யாணமான வருசமே தெரியும்."
நான் திரும்பிப் படுத்திருந்தவன்
அப்படியே கிடந்தேன்.
"அது வேற பொய்" என்றாள்.
"இன்னைக்கு நீங்க சொல்ல இருந்தது வேற."

சன்னல் அடித்துக்கொண்டே இருந்தது.
பத்திரிகை மேஜைமேல்தான் கிடந்தது,
யாரும் எழுந்து போகவில்லை.
வெகுநேரம் கழித்து,
தூங்கிவிட்டாள் என்று நினைத்தபோது,
ஓசூரில் காற்று எந்த மாசம் என்று கேட்டாள்.

தெரியாது என்றேன்.