பூட்டு

பாரன்ட்ஸ் கடலில் ஐந்தாவது வாரம்.
இரவு ஷிஃப்ட் முடிந்தால்
இருபது நிமிடம் இணையம்.
செதில் ஒட்டிய விரலுக்குத்
திரை சட்டென்று இணங்காது.

ரன்வா முடியை வெட்டிக்கொண்டதை
அப்படித்தான் அறிந்தேன்.
முன்பல் ஓரம் உடைந்ததையும்.
படத்தைப் பெரிதாக்கினால் அவளுக்குப் பின்னால்
என் மழைக்கோட்டு, கதவெண் பதினேழு,
ஜன்னலுக்கு அப்பால் படகுத்துறை.

எனக்குத் தெரிவதெல்லாம்
கீழே இதயம் போட்டிருக்கும்
முகமில்லாத ஒருவனுக்கும் தெரியும்.

பூட்டு, என்று எழுதினேன்.
நீங்கதானே அப்பா ஆரம்பிச்சீங்க, என்றாள்.

மூன்று வயதில், குளியல் தொட்டியில்,
தலையில் நுரையைக் குவித்துக்கொண்டு அவள்.
நான் போட்ட படம்.
இருநூற்றுப் பதினோரு விருப்பம்.
துறைமுகத்தில் எல்லோரிடமும்
எண்ணிக்கை சொல்லித் திரிந்தேன்.

மறுநாள் பூட்டியிருந்தாள்.
சாம்பல் நிறத்தில் ஒரு வட்டம்,
அதனடியில் பெயர் மட்டும்.
நல்ல பிள்ளை. சொன்ன பேச்சு கேட்கிறாள்.

கோரிக்கை அனுப்பியிருக்கிறேன்.
க்ளாக்ஸ்விக்கில் இப்போது பள்ளி நேரம்.
வலை மேலே வருகிறது, கூப்பிடுகிறார்கள்.
நிலுவையில், என்கிறது திரை.
ஒரு கையுறையை மட்டும் மாட்டியபடி
நிற்கிறேன்.